கல்லூரித் தரவும் மாணவர் இடைநிற்றலும்: மென்பொருள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

தன்னாட்சி பெற்ற கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் உள்தர உறுதி மையத்தில் பணியாற்றும் பேராசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் நாக் குழுவுக்கும், தேசிய அளவிலான என்.ஐ.ஆர்.எப். தரவரிசைக்கும், அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கும் ஆண்டுதோறும் அவர்கள் தரவு அனுப்புகிறார்கள். அதே தரவைக் கொண்டு கல்லூரியைத் திட்டமிடவும், மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்ளவும் வழி உண்டா என்பது முதல் கேள்வி. இடைநிற்கக்கூடிய மாணவர்களை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை வாங்க நிர்வாகம் எண்ணுகிறது, அது பயன்படுமா என்பது இரண்டாவது கேள்வி.

வழி உண்டு. ஆனால் மென்பொருள் அந்த வழியின் தொடக்கத்தில் வருவதில்லை. நீங்கள் வெளியே அனுப்பும் தரவு பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு: இந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள். அதில் ஒரு மாணவரைச் சேர்க்கை நாள் முதல் பட்டமளிப்பு வரை தொடர்ந்து பார்க்கும் வசதி கிடையாது. திட்டமிடலுக்கு அந்தத் தொடர்ச்சிதான் தேவை. அது கையில் வந்த பிறகும் அதனிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமையும். எந்த மாணவர் தோற்பார் என்றுதான் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கின்றன. தரவைப் பயன்படுத்தி உண்மையிலேயே முன்னேறிய இடங்களில், நம்முடைய எந்த நடைமுறையில் மாணவர்கள் இடறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே அட்டவணையிலிருந்து விடை எடுக்கலாம், ஆனால் முதல் விடை மாணவரின் கோப்புக்குள் போய் முடங்கிவிடும், இரண்டாவது விடை முதல்வரின் மேசைக்கு வந்து ஒரு முடிவைக் கேட்கும்.

இதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கு படிப்பவர்களில் பெரும்பகுதியினர் குறைந்த வருவாய்க் குடும்பங்களிலிருந்து வருபவர்கள், பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் காலடி வைத்தவர்கள், கறுப்பின மாணவர்களின் பங்கும் மிக அதிகம். நான்காண்டுப் பட்டத்தை ஆறாண்டுகளுக்குள் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று அமெரிக்காவில் கணக்கிடுவார்கள். 2003ஆம் ஆண்டில் இந்தப் பல்கலைக்கழகத்தில் அந்த விகிதம் 32 விழுக்காடு, அதாவது சேர்ந்த மூவரில் இருவர் பட்டம் வாங்கவில்லை. அடுத்த பத்துப் பதினோரு ஆண்டுகளில் அது 54 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. நுழைவுத் தகுதியைக் கடுமையாக்கி இந்த உயர்வை அவர்கள் பெறவில்லை என்பதையும், அதே காலத்தில் ஏழை மாணவர்களின் பங்கு அங்கே கூடிக்கொண்டே போனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் கனம் தெரியும். கறுப்பின மாணவர்களும், கூட்டரசின் பெல் உதவித்தொகை பெறும் ஏழை மாணவர்களும் பல்கலைக்கழகத்தின் பொதுச் சராசரிக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ பட்டம் பெறும் நிலையும் அங்கே ஏற்பட்டது.

மாணவர் நலனுக்குப் பொறுப்பாக இருந்த டிமத்தி ரெனிக்கும் அவருடைய குழுவினரும் கடந்த பத்தாண்டு மதிப்பெண் பதிவுகளை, ஏறத்தாழ 25 லட்சம் பதிவுகளை, எடுத்து ஆராய்ந்தார்கள். அதிலிருந்து 800க்கும் மேற்பட்ட அபாயக் குறிகள் கிடைத்தன. அவற்றுள் பலவும் நல்ல அனுபவமுள்ள ஒரு துறைத் தலைவரே ஊகித்திருக்கக்கூடியவை. எதிர்பாராதவை சிலவும் இருந்தன. அரசியலறிவியல் மாணவர் அத்துறையின் முதல் பாடத்தில் 'ஏ' வாங்கினால் அவர் உரிய காலத்தில் பட்டம் பெறும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று, 'சி' வாங்கினால் நான்கில் ஒன்று. 'சி' என்பது அங்கே தேர்ச்சிதான். அதுவரை எந்த அலுவலரும் அந்த 'சி'யைப் பொருட்படுத்தியதில்லை, மாணவரும் தப்பித்தோம் என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். நம் ஊர்ப் பேச்சில் ஜஸ்ட் பாஸ் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகும் இடம் அது. அங்கேயே பல்லாண்டுகளாக மாணவர்கள் விழுந்துகொண்டிருந்ததைப் பழைய பதிவுகள் காட்டின.

2012இல் இந்தக் குறிகளைக் கொண்டு இயங்கும் ஆலோசனை முறை தொடங்கப்பட்டது. மாணவர் தம் பட்டத்துக்குப் பொருந்தாத பாடத்தில் பதிவு செய்தாலோ, அடிப்படைப் பாடத்தைத் தள்ளிப்போட்டாலோ, முதல் பாடத்தில் மதிப்பெண் சறுக்கினாலோ ஆலோசகரின் திரைக்கு அறிவிப்பு வரும், அவர் மாணவரை அழைத்துப் பேசுவார். எல்லாரும் மென்பொருளைப் பற்றி எழுதினார்கள், ஆனால் அதே ஆண்டில் பல்கலைக்கழகம் 42 ஆலோசகர்களைப் புதிதாக நியமித்து, 700 மாணவர்களுக்கு ஒருவர் என்றிருந்த நிலையை 300 பேருக்கு ஒருவர் என்று மாற்றியது என்பதைச் சிலரே கவனித்தார்கள். செலவில் பெரும்பகுதி இந்தச் சம்பளத்துக்கே போனது. அறிவிப்பு வந்தால் இரண்டு நாளில் மாணவரிடம் பேச ஆள் இல்லாத ஒரு நிறுவனம் இந்த மென்பொருளை வாங்கினால், ஏற்கெனவே தெரிந்த துயரம் வண்ண வரைபடமாக மாறும், வேறு மாற்றம் இருக்காது.

அங்கே நடந்தவற்றுள் எனக்கு அதிகம் பிடித்தது கட்டணம் பற்றிய கண்டுபிடிப்பு, அதற்குக் கணிப்பு நுட்பம் எதுவுமே தேவைப்படவில்லை. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கட்டணக் கெடு முடிந்ததும், பணம் கட்டாதவர்களின் பாடப் பதிவைப் பல்கலைக்கழகம் ரத்து செய்துவிடும். இப்படி ஒவ்வொரு பருவத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். அந்தப் பட்டியலை ஒருவர் உட்கார்ந்து படித்தபோது, அவர்களில் பலர் இறுதியாண்டில் இருப்பவர்கள், மதிப்பெண்ணில் குறையில்லாதவர்கள், சில நூறு டாலர் துண்டு விழுந்ததால் மட்டுமே வெளியேறுபவர்கள் என்பது தெரிந்தது. 2011 முதல் அந்தத் துண்டுத் தொகையை, சராசரியாக 900 டாலர் அளவில், மாணவர் விண்ணப்பிக்காமலேயே பல்கலைக்கழகம் அவர்கள் கணக்கில் வரவு வைக்கத் தொடங்கியது. பெற்றவர் நிதி ஆலோசகர் ஒருவரைச் சந்தித்துப் பேச வேண்டும் என்பது போன்ற சில நிபந்தனைகள் இருந்தன. இது தருமம் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அந்த மாணவர் வெளியேறியிருந்தால் அந்தப் பருவத்துக்கான முழுக் கட்டண வருவாயையும் பல்கலைக்கழகம் இழந்திருக்கும், ஆகவே நிதி அலுவலரிடம் காட்டும் கணக்கும் சரியாகவே வந்தது.

சேர்க்கை உறுதியான பிறகு வகுப்புக்கு வராமலே போகிறவர்கள் பற்றிய கணக்கும் இதே போன்றது. 2015 கோடையில் சேர்வதாக உறுதி சொன்னவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் நாள் வகுப்பில் இல்லை. தடைகள் என்னவென்று பார்த்தால், நிதியுதவிப் படிவம், அதைச் சரிபார்க்கக் கேட்கப்படும் கூடுதல் ஆவணங்கள், தடுப்பூசிச் சான்று, இவற்றில் எங்கோ ஒன்றில் சிக்கியிருந்தார்கள். வீட்டில் கல்லூரி பற்றித் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும் காரியங்கள் அவை. 2016இல் குறுஞ்செய்தி வழியே கேள்விகளுக்கு விடை சொல்லும் தானியங்கி உரையாடியை அமைத்தார்கள். அந்த முதல் கோடையிலேயே அது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு விடை சொன்னது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடத்தப்பட்ட ஆய்வில், செய்தி பெற்ற குழுவில் வராமல் போனவர்கள் 21 விழுக்காடு குறைந்திருந்தார்கள். இதைச் செய்ததன் மூலம் பல்கலைக்கழகம் தன் படிவங்கள் எவ்வளவு புரியாதவை என்பதையும் தெரிந்துகொண்டது. இரவு இரண்டு மணிக்கு வரும் கேள்விகளின் பட்டியலைக் காட்டிலும் நேர்மையான பின்னூட்டம் எந்த அலுவலகத்துக்கும் கிடைக்காது.

பாடத்தை மாற்றியதும் உண்டு. அறிமுகக் கணிதப் பாடங்களில் 43 விழுக்காட்டினர் தேறாமலோ பாதியில் விலகியோ போய்க்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் ஒரே பாடத்தில் விழுகிறார்கள் என்றால் விழுகிறவர்களைத் தனித்தனியே கூப்பிட்டு அறிவுரை சொல்வதில் பொருளில்லை. விரிவுரை நேரத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மாணவர்கள் கணினி ஆய்வகத்தில் தத்தம் வேகத்தில் கணக்குப் போடவும் ஆசிரியர்கள் அருகிலிருந்து உதவவும் வகை செய்து பாடமுறையையே மாற்றினார்கள். தேறாதவர்களின் விகிதம் கணிசமாக இறங்கியது.

இனி எச்சரிக்கைகள். இந்தத் துறையில் வெற்றிக் கதைகள் வேகமாகப் பரவுகின்றன, அவற்றில் சில ஆய்வுக்கு நிற்பதில்லை. இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகம் 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்ற முறையை அறிமுகப்படுத்தியது. போக்குவரத்து விளக்கைப் போல ஒவ்வொரு பாடத்திலும் மாணவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். இம்முறை உள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களைப் படித்தவர்கள் கல்லூரியில் தொடரும் வாய்ப்பு 21 விழுக்காடு கூடுதல் என்று அறிவித்தார்கள். 2013இல் மைக் கால்ஃபீல்ட் என்பவர் ஓர் எளிய ஐயத்தை எழுப்பினார்: தொடக்கத்திலேயே விலகிவிட்டவர் இப்படி இரண்டு பாடங்களைப் படிக்கும் வாய்ப்பே குறைவுதானே, அப்படியானால் தொடர்ந்ததால் இரண்டு பாடம் படித்தார்களா, இரண்டு பாடம் படித்ததால் தொடர்ந்தார்களா? ஆல்ஃபிரட் எஸ்ஸா என்பவர் கணினியில் ஒரு பாவனைக் கணக்கைப் போட்டு, வகுப்புகளில் மாணவர்களுக்குக் கண்மூடித்தனமாகச் சாக்லேட் வழங்கினாலும், அதிகம் சாக்லேட் வாங்கியவர்களே அதிகம் தொடர்ந்ததாகக் கணக்கு வரும் என்று காட்டினார். உங்கள் கல்லூரியில் இந்தப் பிழை நாள்தோறும் நடக்கிறது. 'திறன் பயிற்சியில் கலந்துகொண்டவர்களின் தேர்ச்சி 92 விழுக்காடு' என்று ஆண்டறிக்கையில் எழுதும்போது, கலந்துகொண்டவர்கள் யார், கலந்துகொள்ளாதவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை.

ஜார்ஜியா ஸ்டேட்டின் கதையையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தும் இருக்கிறார்கள். அது உட்பட 11 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 10,000 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தரவு அடிப்படையிலான தீவிர ஆலோசனை கொடுத்து ஆராய்ந்தார்கள். எல்லாப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஜார்ஜியா ஸ்டேட்டில் மட்டும் மாணவர்கள் முடித்த பாட அளவிலும் மதிப்பெண் சராசரியிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. இதை நான் இப்படிப் படிக்கிறேன்: அங்கே ஆலோசனைக்குப் பின்னால் கட்டண உதவி, மாற்றப்பட்ட கணிதப் பாடம், பட்டம் வரை எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்று காட்டும் தெளிவான திட்டம் என்று ஆலோசகர் கைகாட்டக்கூடிய பல வாசல்கள் திறந்திருந்தன. அவை இல்லாத இடத்தில் ஆலோசகர் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு அனுப்பிவிட வேண்டியதுதான்.

தரவு தீங்குக்கும் பயன்பட்டிருக்கிறது. மேரிலாந்து மாநிலத்தின் மவுன்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் 2015இல் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம், உங்களை நீங்கள் அறிந்துகொள்ள உதவும் என்று சொல்லி ஒரு கருத்தாய்வு எடுத்தார்கள். அதன் விடைகளைக் கொண்டு விலகக்கூடியவர்களை அடையாளம் கண்டு, அரசுக்கு எண்ணிக்கை அனுப்பும் செப்டம்பர் கெடுவுக்கு முன்பே இருபது இருபத்தைந்து பேரை அனுப்பிவிட்டால் மாணவர் தக்கவைப்பு விகிதம் உயரும் என்பது அப்போதைய தலைவரின் திட்டம். பேராசிரியர்கள் ஒத்துழைக்க மறுத்ததால் கெடு கடந்துபோனது. 2016 ஜனவரியில் மாணவர் பத்திரிகை இதை வெளிக்கொண்டுவந்தது, இரண்டு பேராசிரியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டுப் பின்னர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள், பிப்ரவரி இறுதியில் தலைவர் பதவி விலகினார். இதை விதிவிலக்கான கொடுமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்றச் சில பள்ளிகள் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்தனுப்பும் பழக்கத்தை அறிந்தவர்கள் நாம்.

இங்கிருந்து உங்கள் கல்லூரிக்கு வருகிறேன். முதலில் சரிசெய்ய வேண்டியது வகுக்கும் எண். நம் கல்லூரிகளில் தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களுள் தேறியவர்களின் பங்கு. நாக் கேட்பதும் இறுதியாண்டு மாணவர்களின் தேர்ச்சியைத்தான். ஒரு துறையில் 60 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இறுதியாண்டில் 46 பேர் தேர்வெழுதி 38 பேர் தேறினால், அறிக்கையில் 83 விழுக்காடு என்று வரும். சேர்ந்த 60 பேரை வைத்துக் கணக்கிட்டால் 63 விழுக்காடு. நடுவில் போன 14 பேரும், அரியர் வைத்துக்கொண்டு வெளியேறிய 8 பேரும் யார் என்ற கேள்வி முதல் எண்ணில் எழுவதே இல்லை. ஆகவே துறைவாரியாக, சேர்ந்த ஆண்டு வாரியாக ஒரே ஓர் அட்டவணை தயாரியுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரிசை, பருவந்தோறும் அவர் இருந்தாரா, எத்தனைத் தாள்களில் தேறினார், எத்தனை அரியர், கட்டணம் எப்போது கட்டினார், எப்போது போனார் என்பவை மட்டும். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமே தாள்வாரியான மதிப்பெண் இருக்கிறது. பல்கலைக்கழகமே தேர்வு நடத்தும் இணைவுக் கல்லூரிகளுக்கு இல்லாத வசதி இது. பெரும்பாலும் உங்கள் உண்மையான இடையூறு, தேர்வுப் பிரிவும் அலுவலகமும் கட்டணப் பிரிவும் ஒரே மாணவரை மூன்று வெவ்வேறு எண்களில் வைத்திருப்பதாக இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு பருவம் ஆகும், அந்த வேலைக்கு யாரும் பாராட்டும் தரமாட்டார்கள்.

அட்டவணை வந்ததும் தாள்களைப் பாருங்கள். எந்தத் தாளில் முதல் முறை எழுதியவர்கள் அதிகம் விழுகிறார்கள், அந்தத் தாளில் விழுந்தவர்களில் எத்தனை பேர் கடைசியில் பட்டம் வாங்கினார்கள் என்று பார்த்தால், பல அறிவியல் துறைகளில் முதலாண்டு அலைடு கணிதம் (முதன்மைப் பாடத்துக்குத் துணையாகப் படிக்கும் கணிதம்) போன்ற ஒரு தாள் மேலே வந்து நிற்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்களைத் தனியே பிரித்தும் பாருங்கள். அவர்கள் கணக்கில் விழுகிறார்களா, ஆங்கிலத்தில் வினாவைப் புரிந்துகொள்வதில் விழுகிறார்களா என்பது உள்மதிப்பீட்டுத் தாள்களைப் புரட்டினால் தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு. அந்தத் தாளை எடுக்கும் ஆசிரியர் ஆண்டுதோறும் மாறும் விருந்தினர் விரிவுரையாளரா, வகுப்பு கடைசி மணி நேரத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பவையும் அட்டவணைக்குள் வரட்டும். இந்த வகை விடைகள் துறைத் தலைவர்களுக்கு உவப்பாக இருக்காது. ஆகவே முதல் ஆண்டில் எந்த ஆசிரியரின் பெயரையும் பொதுக் கூட்டத்தில் காட்டுவதில்லை என்று முதல்வர் வாக்களிப்பது நல்லது. தண்டனைக்குப் பயன்படும் என்று தெரிந்த கணமே உள்மதிப்பீட்டு மதிப்பெண்கள் தாராளமாகிவிடும், பிறகு உங்கள் தரவில் ஒன்றும் மிஞ்சாது.

வருகைப் பதிவிலும் காலம் முக்கியம். 75 விழுக்காடு வருகை இல்லாதவர்கள் யார் என்று பருவ இறுதியில், ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில் கணக்கெடுக்கிறோம். அப்போது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான காண்டனேஷன் தொகை வசூலிப்பதைத் தவிரச் செய்வதற்கு எதுவும் இருப்பதில்லை. அதே பதிவை மூன்றாம் வார இறுதியில் பார்த்தால், திடீரென்று வராமல் போனவரை வகுப்பு ஆலோசகர் அழைத்துப் பேச இன்னும் நேரம் இருக்கும். முதல் மணி நேரத்துக்கு மட்டும் வராதவர்கள் எந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால், சில நேரம் ஒரு பேருந்தின் நேரமே காரணமாகத் தெரியவரும். அதற்குக் கல்லூரி நேரத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளிவைக்கலாம், அல்லது போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குப் பயணிகள் எண்ணிக்கையோடு ஒரு கடிதம் எழுதலாம். திட்டமிடல் என்ற பெரிய சொல்லுக்குள் இதுவும் அடங்கும். அடுத்த பருவத்தில் எந்தத் தாளுக்கு எத்தனை பேர் அரியர் எழுதுவார்கள், எந்த விருப்பப் பாடத்துக்கு எத்தனை இடம் தேவை, எத்தனை ஆய்வகத் தொகுதிகள் வேண்டும் என்பவையெல்லாம் இதே அட்டவணையிலிருந்து கிடைக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை அட்லாண்டாவில் செய்ததை இங்கே நேராகச் செய்யலாம். கட்டணம் பாக்கி வைத்து ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலைத் தொகை வாரியாக அடுக்குங்கள். சில ஆயிரம் ரூபாய் பாக்கிக்காக இறுதியாண்டில் சிக்கியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால், முன்னாள் மாணவர் சங்கத்திடம் கேட்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதும் தெரியும். அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பல நேரங்களில் கட்டணக் கெடுவுக்குப் பிறகே மாணவர் கணக்கை எட்டுகிறது, அதற்கு ஏற்பக் கெடுவை மாற்றுவது கல்லூரியின் கையில் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் படித்த மாணவியருக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. தகுதியிருந்தும் பெறாதவர்களின் பட்டியலை உங்கள் சேர்க்கைத் தரவிலிருந்து ஒரு பிற்பகலில் எடுத்துவிடலாம். தகுதியானவரைத் தேடிப் போவது தரவு செய்யக்கூடிய வேலைகளில் மிக மலிவானது, மிகவும் புறக்கணிக்கப்படுவதும் அதுவே.

மென்பொருளின் கணிப்பு எப்படித் தவறும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. 1,000 மாணவர்களில் 100 பேர் உண்மையில் விலகக்கூடியவர்கள் என்று கொள்வோம். ஒரு நல்ல கருவி அவர்களில் 70 பேரைக் கண்டுபிடிக்கிறது, மற்ற 900 பேரில் ஐந்தில் ஒருவரைத் தவறாகக் குறிக்கிறது. மொத்தம் 250 பேர் சிவப்புப் பட்டியலில் இருப்பார்கள், அவர்களில் 180 பேருக்கு எந்த அபாயமும் இல்லை. அந்த 250 பேருக்கும் வகுப்பு ஆலோசகர் தொலைபேசியில் நலம் விசாரித்தால் நட்டம் ஒன்றுமில்லை. அதே பட்டியல் வேலைவாய்ப்பு முகாமுக்கு யாரை அனுப்புவது, விடுதியில் யாருக்கு இடம் தருவது என்ற முடிவுகளுக்குப் போனால் 180 பேருக்கு அநீதி. பட்டியல் உதவிக்கு மட்டுமே பயன்படும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அது ஆசிரியர் ஓய்வறையில் சுற்றக் கூடாது, பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்படக் கூடாது.

சாதி பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் வகுப்புப் பிரிவு இருக்கிறது, கணிப்பு மென்பொருளுக்குள் அதை ஊட்டினால் கணிப்பு கொஞ்சம் கூர்மையாகவும் கூடும். அமெரிக்காவில் சில பெரிய பல்கலைக்கழகங்கள் இனத்தை இப்படிப் பயன்படுத்தியதையும், அதனால் கறுப்பின மாணவர்கள் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகமாக 'அதிக அபாயம்' என்று குறிக்கப்பட்டதையும் 2021இல் 'தி மார்க்கப்' என்ற இதழ் அம்பலப்படுத்தியது. மாணவரால் மாற்ற முடியாத, கல்லூரியாலும் மாற்ற முடியாத ஒன்றை அபாயமாகக் குறித்து என்ன பயன்? அந்தத் தகவல் கணிப்புக்குள் போகக் கூடாது. ஆனால் தணிக்கைக்கு அது கட்டாயம் வேண்டும்: கட்டண உதவியும் துணைத்தேர்வும் சிறப்பு வகுப்பும் எல்லாப் பிரிவினரையும் சென்றடைந்தனவா, எந்தப் பிரிவினர் எந்தப் பருவத்தில் அதிகம் விலகுகிறார்கள் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்காத கல்லூரி, தன் சராசரியைக் கொண்டு தன்னையே ஏமாற்றிக்கொள்ளும்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. 17 வயதில் சேரும் முதலாண்டு மாணவர்கள் உங்களிடம் இருப்பார்கள். குழந்தைகளின் தரவைக் கையாளும் விதிகளிலிருந்து கல்வி நிறுவனங்களுக்கு என்னென்ன விலக்கு உண்டு என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், மென்பொருள் விற்பவரிடம் கேட்காதீர்கள்.

கடைசியாக, நிர்வாகம் வாங்க நினைக்கும் அந்த மென்பொருள். 25 லட்சம் மதிப்பெண் பதிவுகளில் தெரியும் நுண்ணிய வடிவங்கள் 2,000 மாணவர் கொண்ட கல்லூரியில் தெரியா. 40 பேர் உள்ள துறையில் ஒருவர் விலகினாலே விகிதம் இரண்டரைப் புள்ளி மாறிவிடும். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு விரிதாளும், வாரத்தில் குறைந்தது ஒரு நாள் இதற்கென்றே விடுவிக்கப்பட்ட ஓர் ஆசிரியரும் போதும் என்று சொல்வேன். அதற்குப் பிறகும் வாங்குவதென்றால் ஒப்பந்தத்தில் மூன்றைக் கேளுங்கள். ஒரு மாணவர் ஏன் குறிக்கப்பட்டார் என்பதை மென்பொருள் ஆலோசகருக்குப் புரியும்படி காட்ட வேண்டும். உங்கள் பழைய பதிவுகளை, மூன்று ஆண்டுக்கு முந்தைய மாணவர் தொகுதியினுடையதை, முடிவைச் சொல்லாமல் அவர்களிடம் கொடுத்து, யார் விலகியிருப்பார்கள் என்று கணித்துக் காட்டச் சொல்ல வேண்டும். அந்தக் கணிப்பை உங்கள் வகுப்பு ஆலோசகர்கள் முதல் பருவ முடிவில் கையால் எழுதித் தரும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிய வேறுபாடு இல்லையென்றால் பணம் மிச்சம். ஒப்பந்தம் முடியும் நாளில் மாணவர் தரவு முழுவதும் திறந்த வடிவத்தில் உங்களிடம் திரும்பவும், அவர்கள் வழங்கிகளிலிருந்து (சர்வர்களிலிருந்து) அழிக்கப்படவும் வேண்டும் என்பது மூன்றாவது. இதற்கு ஒப்பாத நிறுவனத்துக்கு விலைப்பட்டியல் அனுப்பச் சொல்ல வேண்டாம்.